சட்டாம்பிள்ளை

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போகிற ரயில் செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி கண்ணுக்கு நிறையத் தெரியும். எத்தனை கவலையோடு போகிறவனுக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் மனசு கொஞ்சம் இளகிவிடும். சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அப்படி இளகிய மனசோடுதான் என் அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். அரை மணி நேரத்துக்குள் அந்த இளக்கம் எங்கேயோ போய்விட்டது.

அக்காவின் பெண் அப்போது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். வாசலில் ஒரு சிறுவன் வந்து நின்றான். அவனுடைய அக்காவும் இவளும் ஒரே வகுப்பு. அந்தப் பெண்ணுக்கு டைபாய்டு ஜுரம். பத்து நாளாய்ப் பள்ளிக்கூடம் போகவில்லை. விஞ்ஞான நோட்டைக் கேட்டு வாங்கி வரும்படி தம்பியை அனுப்பியிருக்கிறாள்.

"நோட்டு டீச்சர்கிட்ட இருக்கு. திங்கட்கிழமைதான் கிடைக்கும்" என்றாள் நம் பெண்.

சிறுவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நோட்டு மேஜைமேல், என் காபி டம்ளருக்குப் பக்கத்தில், அட்டை போட்டு லேபிள் ஒட்டி அழகாக இருந்தது.

"ஏன் கண்ணு, இதுதானே அந்த நோட்டு?" என்று கேட்டேன்.

அவள் முகம் சிவந்தது. ஆனால் பதில் தயாராக இருந்தது: "அவளுக்கும் எனக்கும் மூணு மார்க்குதான் மாமா வித்தியாசம்."

நான் நியாயம் கேட்கும் பாவனையில் சமையலறைப் பக்கம் திரும்பினேன். அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னை ஏண்டா பார்க்கிறே? முதல் மார்க் வாங்கினால் கைக்கடிகாரம் வாங்கித் தரேன்னு தீபாவளிக்கு வந்தபோது சொன்னது யாரு?"

சொன்னவன் நான்தான். நேயர்களே, வாயை மூடிக்கொண்டு காபியைக் குடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பெண் பொய் சொன்னாளே என்பதைவிட, எத்தனை சுலபமாகச் சொன்னாள் என்பதுதான் மனசை உறுத்தியது. ஜுரத்தில் கிடக்கிற சிநேகிதி அவள் கண்ணுக்குச் சிநேகிதியாகத் தெரியவில்லை. மூன்று மார்க்காகத் தெரிந்தாள். அப்படிப் பார்க்க அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தது? நான் ஒருவன் மட்டுமா? அல்லது எனக்கும் முன்னால் வெகு காலமாக யாராவது கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா?

கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டுமே படித்து, பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன் நான். கல்வியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு மனுஷன் ஏன் இப்படி நடந்துகொண்டான் என்று தோன்றினால், அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்ப் பார்த்துவிடுவான். அப்படித் தேடிப் போனதில் எனக்கு அகப்பட்ட ஆசாமிதான் சட்டாம்பிள்ளை.

சட்டாம்பிள்ளையை இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குத் தெரியாது. 'கிளாஸ் லீடர்' என்றால் தெரியும். ஆனால் கிளாஸ் லீடருக்குச் சட்டாம்பிள்ளை கொள்ளுத் தாத்தா முறை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு வாத்தியார், இருபது முப்பது பிள்ளைகள். ஐந்து வயசுக் குழந்தையும் பன்னிரண்டு வயசுப் பையனும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். சின்னக் குழந்தை மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதும். பெரிய பையன் ஓலையில் எழுத்தாணி பிடிப்பான். ஒரே வாத்தியார் இத்தனை பேரையும் எப்படிக் கவனிப்பது? அதனால் கெட்டிக்காரப் பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்துவிடுவார். தான் படித்ததை அவன் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவர்கள் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பான். எண்சுவடியை அவன் முறை சொல்ல, மற்றவர்கள் கூடச் சொல்வார்கள்.

சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822ஆம் வருஷம், ஜில்லாதோறும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். கணக்கெல்லாம் வந்து சேர்ந்து, 1826இல் அவர் எழுதிய குறிப்பில் ராஜதானி முழுவதற்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தொகை காட்டியிருக்கிறார். செங்கல்பட்டு ஜில்லாவில் மட்டும் 500க்கு மேற்பட்ட பள்ளிகள் இருந்தன. இன்று நாம் பஸ்ஸில் கடந்து போகிற எத்தனையோ கிராமத்துத் தெருக்களில் அன்று பிள்ளைகள் முறை சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

இதைப் படித்ததும், 'ஆகா, அந்தக் காலம் போல் வருமா!' என்று பெருமூச்சு விடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். மன்றோவின் உத்தரவுக்குப் பதில் எழுதியவர்களில் பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் என்பவர் ஒருவர். 1823 ஆகஸ்டில் அவர் எழுதிய கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பதுதான் வேடிக்கை.

முதல் விஷயம்: காலையில் பள்ளிக்கு முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவத்துக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருகிறவனுக்கு ஒரு பூஜ்யம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு லேசாக ஓர் அடி. நாலாவது பிள்ளைக்கு இரண்டு. அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். முப்பதாவதாக வந்த குழந்தையின் கை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இரண்டாவது விஷயம்: நன்றாகப் படித்த பிள்ளைகளைக் கொண்டு படிக்காத பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற ஏற்பாட்டைக் காம்ப்பெல் வாயாரப் புகழ்கிறார். சொல்லித் தருகிறவனுடைய படிப்பும் அதனால் உறுதிப்படுகிறது என்கிறார். இங்கிலாந்து இதைப் பார்த்துக் காப்பியடித்தது சரிதான் என்றும் எழுதுகிறார்.

அதாவது, முந்தி வந்தவனுக்குச் சரஸ்வதி, பிந்தி வந்தவனுக்குப் பிரம்பு என்ற வரிசையும் அந்தத் திண்ணையில்தான் இருந்தது. தெரிந்தவன் தெரியாதவன் விரலைப் பிடித்து எழுத வைக்கிற பரிவும் அதே திண்ணையில்தான் இருந்தது. சட்டாம்பிள்ளைக்கு ஒரு கை குழந்தையின் விரலைப் பிடிக்கிற கை. இன்னொரு கை வாத்தியாரின் பிரம்பைப் பிடிக்கிற கை. பிள்ளைகளை உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்க வைக்கும் 'கோதண்ட'த்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. சட்டாம்பிள்ளைக்குப் பட்சணம் கொடுத்து அடியிலிருந்து தப்பித்த கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோமே!

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். மன்றோவின் 1,88,650 மாணவர்களில் பெண்கள் 4,540 பேர்தான். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்குத் திண்ணை ஏறவே அனுமதி கிடையாது. செங்கல்பட்டு ஜில்லாவில் அந்த மக்கள் எந்த நிலையில் வாழ்ந்தார்கள் என்பதைக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் ஓர் அறிக்கையாக எழுதினார். மூன்று வருஷம் கழித்து, 1894இல், கர்னல் ஆல்காட் அந்தக் குழந்தைகளுக்கென்று அடையாற்றில் இலவசப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தார். வெளியே நிற்கும் குழந்தையைப் பார்த்தும் பாராமல் பாடம் படிக்கப் பழகியவன், அந்தப் பாடத்தோடு இன்னொரு பாடத்தையும் சேர்த்தே படித்துவிடுகிறான்.

காம்ப்பெல் சொன்ன அந்தக் காப்பியடித்த கதைக்கு வருகிறேன். அது நடந்தது நம் எழும்பூரில்.

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் இந்தியாவுக்கு வந்தார். 1789இல், எழும்பூரில் ஏற்பட்ட ஆண் பிள்ளைகள் அநாதை விடுதிக்கு அவர் தலைவரானார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்து, திக்கில்லாமல் போன குழந்தைகள் அங்கே இருந்தார்கள். ஒரு நாள் காலை குதிரைமேல் போய்க்கொண்டிருந்தபோது, நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பியதும் தம் விடுதியிலும் மணலைப் பரப்பி எழுதச் சொல்லிக் கொடுக்கும்படி அங்கிருந்த வாத்தியாரிடம் சொன்னார். அந்த மனுஷருக்கு அது பிடிக்கவில்லை. இப்படியெல்லாம் கற்றுக்கொடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயசுப் பையனைக் கூப்பிட்டு, "நீ சொல்லிக் கொடு" என்றார். பெரிய வாத்தியாரால் முடியாதென்ற காரியத்தை அந்தச் சிப்பாய் மகன் செய்து காட்டிவிட்டான்.

பிறகு விடுதி முழுவதிலும் இதே முறை வந்தது. பிரம்புக்கும் அவர் வேலை வைக்கவில்லை. பையன்கள் செய்த குற்றங்களை ஒரு புஸ்தகத்தில் குறித்து வைத்து, வாரம் ஒரு தடவை பையன்களே கூடி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும்படி ஏற்பாடு செய்தார். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகள் ஒருவருக்கொருவர் தாயும் தகப்பனுமாக இருந்து படித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1796இல் பெல் சீமைக்குத் திரும்பினார். மறு வருஷம் லண்டனில் தம் சோதனையைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயர் உலகம் சுற்றப் புறப்பட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எத்தனை நன்றாக இருக்கும்! ஆனால் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறினதும் அவன் குணம் மாறிவிட்டது.

அது இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிவந்த காலம். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் லண்டனில் இதைப் போன்ற முறையில் ஒரு பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியர், சட்டாம்பிள்ளைகளின் உதவியோடு ஆயிரம் குழந்தைகளைக்கூடச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டார். ஆயிரம் குழந்தைகள்! எட்டு வயசு ஃபிரிஸ்கனுக்கு எதிரே இருந்தது மணலில் எழுதத் தெரியாத ஒரு சிறு கூட்டம். ஒவ்வொரு முகத்தையும் அவன் அறிவான். ஆயிரம் பேர் கூடத்தில் முகம் ஏது? அங்கே எண்தான் உண்டு. நன்றாகப் படிக்கிறவனுக்குப் பதக்கம், பரிசு, மேல் இடம். தவறு செய்கிறவனுக்குக் கழுத்தில் மரக்கட்டை. சில சமயம் பையனைக் கூடைக்குள் போட்டுக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, மற்றவர்களை வேடிக்கை பார்க்கச் சொல்வார்கள். நம் ஊர்க் கோதண்டம் சீமைக்குப் போய்க் கூடையாகிவிட்டது, பார்த்தீர்களா? அடிப்பது கொடுமை என்று நினைத்த நல்ல மனிதர்தான் லங்காஸ்டர். அடிக்குப் பதிலாக அவமானத்தைக் கண்டுபிடித்தார். எது அதிகம் வலிக்கும் என்று குழந்தையைத்தான் கேட்க வேண்டும்.

1862இல் இங்கிலாந்தில் இன்னொரு படி ஏறினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அதைப் பொறுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பணம். சென்னை ராஜதானியிலும் 1860களில் 'பலனுக்குத் தக்க பணம்' என்ற இந்த ஏற்பாடு வந்து சேர்ந்தது. அதற்குள் 1857இல் சென்னைப் பல்கலைக் கழகமும் பிறந்து, மெட்ரிகுலேஷன் பரீட்சையும் ஆரம்பமாகியிருந்தது. பரீட்சை தேறினால் கச்சேரி உத்தியோகம். உத்தியோகம் கிடைத்தால் குடும்பத்துக்குச் சோறு. வாத்தியாருடைய சோறும் பிள்ளையின் மார்க்கில்தான் என்று ஆகிவிட்டது. ஒரு குழந்தையைப் பார்த்ததும் 'இவன் தேறுவானா?' என்ற கேள்விதான் முதலில் வரும். 'இவன் யாருக்காவது உதவுவானா?' என்று கேட்கப் பணம் கொடுப்பவர் எவரும் இல்லை.

திண்ணையிலிருந்து புறப்பட்ட சட்டாம்பிள்ளை சீமையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது, குழந்தையின் விரலைப் பிடித்த கையைக் காணோம். பிரம்பு பிடித்த கை மட்டும் மிஞ்சியிருந்தது.

வரிசையில் கடைசியாக நின்றவன் என்ன ஆனான்? அதற்கும் செங்கல்பட்டிலேயே பதில் இருக்கிறது.

ஏரிக்கரையில் விஜயநகர காலத்துக் கோட்டை ஒன்று உண்டு. 1751இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1752இல் கிளைவ் மீட்டான். சரித்திரப் பாடத்தில் அந்த வருஷங்களை நெட்டுருப் போட்டிருக்கிறோம். ஆனால் அந்த ஊருக்கு 1887ஆம் வருஷமும் முக்கியமானது. அப்போதுதான் குற்றம் செய்த சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி அங்கே தொடங்கியது. 1876இல் வந்த சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணம் இருந்தது: பையன்களைப் பெரிய திருடர்களோடு ஜெயிலில் அடைத்தால் பெரிய திருடர்களாகத்தான் வெளியே வருவார்கள், அவர்களுக்கு எழுத்தும் தொழிலும் சொல்லிக் கொடுப்போம். 1920இல் சென்னை ராஜதானி குழந்தைகள் சட்டம் ஒன்றை இயற்றியது. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் அதுதான். குற்றவாளி என்பதற்கு முன் அவன் குழந்தை என்று ஒரு சட்டப் புஸ்தகம் ஒப்புக்கொண்டது சாதாரண விஷயமல்ல.

ஆனால் சட்டம் ஒப்புக்கொண்டால் போதுமா? 2022 டிசம்பர் 31ஆம் தேதி, செங்கல்பட்டு அரசினர் சிறப்பு இல்லத்திலிருந்த 17 வயசுப் பையன் ஒருவன் இறந்துபோனான். சிறு திருட்டுக் குற்றச்சாட்டில் சில நாள் முன்னால்தான் அங்கே வந்தவன். உடம்பில் அடிபட்ட காயங்கள் இருந்தன. மறு மாதம் இல்லத்து ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். பிறகு இப்படிப்பட்ட இல்லங்களை எப்படித் திருத்துவது என்று ஆராய்ந்து சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசாங்கம் நியமித்தது. 135 வருஷத்துக்கு முன் 'சீர்திருத்தப் பள்ளி' என்று பெயர் வைத்தோம். பிறகு பெயரை எத்தனையோ தடவை மென்மையாக்கினோம். கையை மென்மையாக்கினோமா? நம் வீட்டுக் கெட்டிக்காரக் குழந்தைக்கும் இந்தப் பையனுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். ஏணி ஒன்றுதான். மேலே ஏறுகிறவனுக்குக் கீழே இருப்பவன் மனுஷனாகத் தெரியாமல் போகப் போக, கீழே இருப்பவனுக்கு என்ன நடந்தாலும் யாரும் கேட்பதில்லை.

வேறு விதமாகவும் குழந்தைகளை வளர்க்கலாம் என்று காட்டிய ஒரு பெண்மணியும் இதே கடற்கரைக்கு வந்திருந்தார். மாமல்லபுரம் போகிற கடலோரச் சாலையின் வட கோடியில் இருக்கிறது அடையாறு. 1939 நவம்பரில், இத்தாலி தேசத்து டாக்டர் மரியா மாண்டிசோரி, பிரம்மஞான சபையின் அழைப்பின் பேரில் அங்கே வந்து இறங்கினார். வயசு அறுபத்தொன்பது. முதல் வகுப்பிலேயே சுமார் 300 ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். சில மாதங்கள் இருந்துவிட்டுப் போக வந்தவர். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் குதித்ததும் எதிரி நாட்டுப் பிரஜையாகிவிட்டார். மகன் மாரியோவைக் காவலில் வைத்தார்கள். ஆகஸ்டு 31, தாயாரின் எழுபதாவது பிறந்த நாள். அதற்குப் பரிசாக மகனை விடுதலை செய்வதாக வைசிராயிடமிருந்து செய்தி வந்தது. யுத்தம் முடிந்த பிறகு, 1946இல்தான் அந்த அம்மாள் ஐரோப்பா திரும்ப முடிந்தது.

பள்ளியில் பரிசும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம் என்றவர் அவர். இதை அவருக்குக் கற்றுக் கொடுத்தது குழந்தைகள்தான் என்பார். 1907இல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். நன்றாக நடந்துகொண்ட ஒரு பையனுக்குப் பதக்கம் குத்தியிருந்தார்கள். குறும்பு செய்த இன்னொருவனைத் தண்டனையாக நாற்காலியில் தனியே உட்கார வைத்திருந்தார்கள். முதல் பையன் சுறுசுறுப்பாகச் சாமான்களை எடுத்துக்கொண்டு இங்கும் அங்கும் போகையில் பதக்கம் கீழே விழுந்தது. உட்கார்ந்திருந்தவன் அதை எடுத்துக் காட்டினான். "எனக்கு அது வேண்டாம். வேண்டுமானால் நீ போட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டு, அவன் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். தண்டனை பெற்றவன் பதக்கத்தைக் குத்திக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தான்! வேலையில் ருசி கண்டவனுக்குப் பதக்கம் ஒரு பொருட்டில்லை. வேலை இல்லாதவனுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

இன்னொன்றும் அவர் செய்தார். மூன்று வயசு, நாலு வயசு, ஐந்து வயசுக் குழந்தைகளை ஒரே அறையில் சேர்த்து உட்கார வைத்தார். பெரிய குழந்தை சின்னக் குழந்தைக்குத் தானாகவே சொல்லிக் கொடுக்கும் என்று கண்டார். அடையாற்றில் அவர் பேச்சைக் கேட்ட நம் ஊர் வாத்தியார்களில் யாருக்காவது அப்போது பழைய திண்ணை ஞாபகம் வந்திருக்குமோ என்று நினைத்துப் பார்க்கிறேன். பதக்கமும் பிரம்பும் இல்லாத சட்டாம்பிள்ளை அல்லவா அது!

இதெல்லாம் பழங்கதை, இப்போதைய நிலைமையைச் சொல் என்பீர்கள். 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைகளை அடிப்பதையும், மனசு நோகும்படி வதைப்பதையும் தடை செய்தது. 2017இல் தமிழ்நாடு அரசாங்கம், பொதுப் பரீட்சைகளில் மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. அதற்கு முன்னால் பரீட்சை முடிவு வந்த மறு நாள் பத்திரிகையைத் திறந்தால், லட்டு ஊட்டப்படும் முகங்களாக இருக்கும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு எத்தனை வீடுகளில் எத்தனை குழந்தைகளுக்கு அன்று சாப்பாடு இறங்காமல் போயிருக்கும்! நல்ல காரியந்தான் செய்தார்கள். ஆனால் அரசாங்கம் விட்டாலும் நாம் விடுகிறோமா? சர்க்கார் எடுத்த ஏணியை நான் தீபாவளிக்குப் போய் அக்கா வீட்டில் சாத்திவிட்டு வந்திருக்கிறேனே!

படிப்பில் முந்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மார்க்கில் டாக்டர் படிப்பு நழுவிப் போகிற உலகத்தில், 'மார்க்கைப் பற்றிக் கவலைப்படாதே' என்று பெற்றவர்களுக்கு உபதேசம் செய்வது வசதியுள்ளவன் பேசுகிற பேச்சு. பசியிலிருந்து குடும்பத்தை மீட்கப் படித்தவர்கள் நம் நாட்டில் லட்சக்கணக்கானவர்கள். போட்டியை நம்மால் ஒழிக்க முடியாது. ஆனால் குழந்தைக்கு முன்னால் ஓட ஒரு பந்தயத்தை வைக்கிற நாம், அதன் பக்கத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு சின்னக் குழந்தையையும் வைக்கலாம் அல்லவா? இரக்கம் என்பது புத்திமதியால் வருவதில்லை. பொறுப்பால் வருகிறது. 'அன்பாக இரு' என்று நூறு தடவை சொல்வதைவிட, 'அந்தப் பாப்பாவுக்கு இதைச் சொல்லிக் கொடு' என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

கொரோனாவுக்குப் பிறகு அப்படி ஒரு காட்சியை நாடே பார்த்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேலாகப் பள்ளிகள் மூடிக் கிடந்து, எழுத்தை மறந்துபோன குழந்தைகளுக்காக 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தை 2021 அக்டோபரில் தொடங்கினார்கள். தொடக்க விழா நடந்தது இதே கடற்கரையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே மரக்காணம் பக்கத்தில். சாயங்கால வேளையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் திண்ணையிலும் தெருவிலும் கோயில் வாசலிலும் கூட்டி வைத்து, அதே ஊரில் படித்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மன்றோவின் கணக்கில் 4,540 என்று ஓர் ஓரத்தில் நின்றவர்களின் பேத்திகள், இருநூறு வருஷம் கழித்துத் திண்ணைக்குச் சட்டாம்பிள்ளைகளாக வந்துவிட்டார்கள். அவர்கள் கையில் பிரம்பு இல்லை.

மறு நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா முணுமுணுக்க முணுமுணுக்க, பெண்ணைக் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் மாமல்லபுரம் போனேன். நோட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்கு வாய் ஏது?

ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிற தபசுப் பாறைக்கு முன்னால் நின்றோம். ஒற்றைக் காலில் கையைத் தூக்கித் தவம் செய்கிறவன் அர்ச்சுனனா, பகீரதனா என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். எலும்பு தெரிய இளைத்திருக்கிறான். வரம் வேண்டுமென்றால் அப்படித்தான் உழைக்க வேண்டும். கீழே யானையின் அருகில் ஒரு பூனையும் அதே மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள்.

"அந்தப் பூனைக்கு எத்தனை மார்க் போடுவே?" என்று கேட்டேன்.

"தவத்துக்கா? நூத்துக்கு நூறு மாமா" என்று சிரித்தாள்.

"எலிங்களைக் கேட்டால்?"

அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்துக்குள் போனோம். மலையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறான் கண்ணன். மகத்தான சாதனைதான். ஆனால் சிற்பி அங்கே வேறு எதையெல்லாம் செதுக்கியிருக்கிறான் என்று பாருங்கள்! ஒருவன் பால் கறக்கிறான். அந்தப் பசு, கறக்கிறவனையும் கவனிக்காமல், மலையையும் கவனிக்காமல், தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஒருவன் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஒருத்தி தலையில் பானைகளைச் சுமந்து நிற்கிறாள். மலையை எதற்காகத் தூக்கினான் என்பதற்கு இவர்கள்தாம் காரணம். இவர்களை விட்டுவிட்டு மலையை மட்டும் செதுக்கியிருந்தால் அது வெறும் பளு தூக்குகிற போட்டியாகப் போயிருக்கும். பெண் அந்தப் பசுவின் முன்னால் வெகு நேரம் நின்றாள்.

செங்கல்பட்டுக்குத் திரும்பியதும், முகம் கழுவிக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "எங்கேடி?" என்ற அக்காவுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. எட்டு மணிக்குத்தான் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"நோட்டு அவளுக்கு வேண்டாமாம் மாமா. வேற ஒருத்தி நேத்தே போன்ல படம் பிடிச்சு அனுப்பிட்டாளாம்."

எனக்கு என்னவோ போல் இருந்தது. சில கதவுகள் நாம் போகும்வரை காத்திருப்பதில்லை.

"அப்புறம் இத்தனை நேரம் என்ன செய்தே?"

"மின்சாரப் பாடம் அவளுக்குப் புரியலைன்னா. உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவளுக்குச் சொல்லிக் கொடுத்தப்பதான் மாமா, எனக்கே அது சரியாப் புரிஞ்சுது" என்றாள்.

1823ஆம் வருஷத்துப் பல்லாரிக் கலெக்டரை இந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை காலை, ரயில் ஏறுவதற்கு முன்னால் கடைத்தெருவுக்குப் போய்க் கைக்கடிகாரத்தை வாங்கி அவள் கையில் கட்டிவிட்டேன். "பரீட்சையே இன்னும் வரலையேடா!" என்று அக்கா திகைத்தாள். அதனால்தான் அன்றைக்கே வாங்கினேன்.